ஒரு கண்டெய்னர் நிலவாகையும் மூன்று ஆசீர்வாதங்களும்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவர் உட்காருகிறார். "மேடம், ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டத்துக்கு ஒரு மலர் போடுதோம். உங்க காலத்து வெற்றிக் கதை ஒண்ணு எழுதித் தாங்க. ஒரு பக்கம் போதும், கூட ஒரு போட்டோவும்" என்றார். கதை இருக்கிறது, போட்டோவும் இருக்கிறது. ஆனால் இரண்டையும் அரசாங்கச் செலவில் யாரும் அச்சடிக்க மாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருநெல்வேலி என்றால் வெளியூர்க்காரனுக்கு அல்வா. வெளிநாட்டுக்காரனுக்கு அப்படி இல்லை. அங்கே நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் மருந்து வியாபாரிக்கு ஞாபகம் வருவது பேதி மருந்துதான். நிலவாகை இலையைத்தான் சொல்கிறேன். சித்த வைத்தியர் சூரணத்தில் போடுவாரே, அதே இலை. நம் பக்கத்துச் செம்மண் காட்டில் மானாவாரியாக விளையும். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடும் கடிக்காது. காய்ந்த இலை சிப்பம் சிப்பமாகத் தூத்துக்குடியில் கப்பலேறி, ஜெர்மனியில் டீத்தூள் மாதிரி சின்னச் சின்னப் பையில் அடைபட்டு, அங்குள்ள பெரியவர்களின் காலைப் பொழுதை நல்லபடியாக விடிய வைக்கிறது. இதைப் பற்றி நம் ஊரில் யாரும் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. டவுணில் அல்வாவுக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

நான் பாளையங்கோட்டையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே ரிட்டயர் ஆனவள். பெயர் கிரேஸ். தொழில் துறை அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, துறைத் தேர்வுகளை எழுதி எழுதிக் கடைசியில் திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்துக்குமான ஏற்றுமதிப் பிரிவுக்கு அதிகாரி ஆனேன். அதற்காகச் சென்னையில் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பாடம் எடுத்தவர் வாழ்நாளில் ஒரு தீப்பெட்டியைக்கூட வெளிநாட்டுக்கு அனுப்பியவர் இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

எங்கள் முக்கியமான தொழில் கருத்தரங்கம் நடத்துவது. 'நீங்களும் ஏற்றுமதி செய்யலாம்' என்று பேனர் கட்டுவோம். ஒவ்வொரு தடவையும் அதே ஆட்கள்தான் வருவார்கள். டவுணில் அல்வாக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, நான் நடத்திய எல்லாக் கருத்தரங்கத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாத் தடவையும் ஒரே கேள்வியைக் கேட்டார். "அல்வா விமானத்துல போச்சுன்னா நெய் வடியுமா, வடியாதா?" அதற்குப் பதில் எங்கள் யாருக்கும் தெரியாது. குறித்துக் கொள்கிறோம் என்போம். அவரும் திருப்தியாக மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புவார்.

வருஷக் கடைசியில் மேலே ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் 'திட்டத்தின் மூலம் உருவான புதிய ஏற்றுமதியாளர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில்தான் எங்கள் திருட்டுத்தனம் எல்லாம். அப்பா காலத்திலிருந்து கப்பலில் சரக்கு அனுப்புகிறவரைக் கூப்பிட்டு, ஒரு பயிற்சிச் சான்றிதழைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து, அவரையே புதியவர் என்று எழுதிவிடுவோம். எங்கள் உதவி இல்லாமலே ஓடுகிறவன்தான் எங்கள் உதவியை முதலில் வாங்க வருவான். உண்மையில் உதவி தேவைப்படுகிறவனுக்கு எங்கள் அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது என்றே தெரியாது. பல வருஷம் நானும் அப்படித்தான் கட்டத்தை நிரப்பினேன். ஒரு வருஷம் மட்டும் வெட்கம் வந்து, நிஜமாகவே ஒரு புது ஏற்றுமதியாளரை உருவாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். அந்தப் பாவம்தான் இந்தக் கதை.

அவர் பெயர் காதர் மைதீன். ஆற்றங்கரை ஊரான ஏரலில் நிலவாகைக் கிட்டங்கி, அதாவது கிடங்கு, வைத்திருந்தார். காட்டிலிருந்து வரும் இலையை வாங்கி, காம்பும் காயும் தூசியும் பிரித்து, நிழலில் உலர்த்தி, சிப்பம் கட்டித் தூத்துக்குடியில் ஒரு பெரிய முதலாளிக்குக் கொடுப்பார். முதலாளி கப்பலில் அனுப்புவார். கிட்டங்கியில் இருபது பெண்களுக்கு மேல் உட்கார்ந்து இலை பிரிப்பார்கள். நான் முதல் தடவை போனபோது கைப்பையும் குடையுமாக நின்றதைப் பார்த்து, "வாங்க டீச்சரம்மா" என்றார். நான் டீச்சர் இல்லை, தொழில் துறை அதிகாரி என்று சொன்னேன். "சரி டீச்சரம்மா, உக்காருங்க" என்றார். பாளையங்கோட்டையிலிருந்து சேலையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு ஒரு கிறிஸ்தவப் பெண்மணி வந்தால் அவள் டீச்சர்தான். அவரைக் கடைசிவரை என்னால் மாற்ற முடியவில்லை.

இலை நன்றாக உலர்ந்ததா என்று அவர் பார்க்கும் விதத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. ஒரு கை இலையை அள்ளிக் காதோரம் கொண்டுபோய்ப் பைய நசுக்குவார். கண்ணை மூடிக் கேட்பார். "இன்னும் அரை நாள் கெடக்கட்டும்" என்பார். நான் அலுவலகத்து ஈரமானியைக் கொண்டுபோய்ச் சோதித்தேன். அவர் காது சொன்னதையேதான் மெஷினும் சொன்னது, என்ன, கொஞ்சம் லேட்டாகச் சொன்னது. இப்படிப்பட்ட ஆள் எதற்கு இன்னொருவர் பெயரில் சரக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அவர் லேசில் மசியவில்லை. "எங்க வாப்பா காலத்துலேருந்து தூத்துக்குடிக்காரருக்குத்தான் கொடுக்கோம். நான் நேரா அனுப்புதேன்னு தெரிஞ்சா அவரு எடுக்க மாட்டாரு. அதுக்குப் பொறவு இவ்வளவு இலையையும் நானே திங்க முடியுமா? தின்னா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"அரசாங்கம் கூட இருக்கு அண்ணாச்சி. நான் இருக்கேன்" என்றேன். சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன். கொச்சியில் வெளிநாட்டு வியாபாரிகள் வந்த ஒரு சந்திப்புக்குத் திட்டச் செலவில் அவரைக் கூட்டிப் போனேன். ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா அவருடைய மாதிரி இலையை எடுத்து, அதே மாதிரி காதோரம் வைத்து நசுக்கினாள். இவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வார்த்தை பாஷை தெரியாமல் இரண்டு பேரும் அரை மணி நேரம் இலையை நசுக்கிக் கொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது அவர் கையில் ஒரு கண்டெய்னருக்கு ஆர்டர் இருந்தது.

இனி எங்கள் ஜி.எம். சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொது மேலாளர், எனக்கு நேர் மேலதிகாரி. கெட்டவர் இல்லை. எந்தக் கோப்பை வைத்தாலும் ஓரத்தில் பச்சை மையில் 'பேசுக' என்று எழுதி அனுப்பிவிடுவார். நாம் போய்ப் பேச வேண்டும். போய் நின்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், ஜன்னலைப் பார்ப்பார், "பார்க்கலாம்மா" என்பார். கோப்பு திரும்பி வரும். மறுபடி வைத்தால் மறுபடி 'பேசுக'. அவருக்குத் தீராத மலச்சிக்கல். காலை பத்து மணிக்கு அவர் படியேறும் தினுசை வைத்தே, இன்றைக்குக் கோப்பு வைக்கலாமா வேண்டாமா என்று அவர் அறை வாசலில் நிற்கும் டபேதார் எங்களுக்குச் சொல்லிவிடுவார். அந்த ஆர்டரைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி நான் வைத்த காதர் மைதீன் கோப்பு மூன்று தடவை 'பேசுக' வாங்கித் திரும்பியது. நான் விஷயத்தைக் காதர் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். "சாரை ராத்திரி வெந்நீர்ல ஒரு ஸ்பூன் போட்டுக் குடிக்கச் சொல்லுங்க." மூன்றாம் நாள் கோப்பில் கையெழுத்து விழுந்தது. திட்டத்தின் கீழ் அந்த நிறுவனம் செய்த முதல் வெற்றிகரமான சப்ளை என்று நான் இன்றும் அதைத்தான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

ஐப்பசி மாதம். திங்கட்கிழமை கிட்டங்கி வாசலில், ஆற்றுப்பாலத்துக்குப் போகும் ரோட்டோரம், கண்டெய்னர் வந்து நின்றது. அண்ணாச்சி ஒவ்வொரு சிப்பத்திலும் ஒரு கை இலையைக் காதால் கேட்டு ஏற்றினார். தரையில் கனத்த காகிதம் விரித்திருந்தார். கதவைச் சாத்தி அன்றைக்கே அனுப்பியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் ஜி.எம். சார் வழியனுப்பு விழா வைத்துவிட்டார். திட்டத்தின் மூலம் போகும் முதல் நேரடி நிலவாகை ஏற்றுமதி, சென்னையிலிருந்து ஒரு உயரதிகாரி வந்து கொடி அசைப்பார் என்றார். உயரதிகாரி செவ்வாய் என்றார், புதன் என்றார், வியாழன் என்றார். வியாழக்கிழமை காலையில் வரவே முடியாது என்றார். கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கெடு அன்று சாயங்காலம் முடிகிறது.

"நாமே நடத்திரலாம்மா" என்றார் ஜி.எம். "மத நல்லிணக்கமா இருக்கட்டும். பத்திரிகைக்கு நல்லா இருக்கும். உங்க சர்ச்சுலேருந்தும் ஒருத்தரைக் கூப்பிடுங்க." எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஐயரை, அதாவது எங்கள் சபைப் போதகரை, நானே காரில் கூட்டிவந்தேன்.

சரக்கு போட்டோவில் தெரிய வேண்டும் என்று கண்டெய்னர் கதவை விரியத் திறந்து வைத்தார்கள். இரண்டு பக்கமும் வாழைமரம். "முதல்ல எங்க முறை" என்று ஜி.எம். சார் சூடம் காட்டி, டபேதாரை விட்டுத் தேங்காய் உடைக்கச் சொன்னார். டபேதார் கண்டெய்னரின் இரும்பு விளிம்பிலேயே ஓங்கி உடைத்தார். லாரி பின்பக்கம் மேடாக நின்றிருந்தது. தேங்காய்த் தண்ணீர் அத்தனையும் காகிதத்தின் அடியில் உள்ளே ஓடியது. அடுத்து அண்ணாச்சியின் மச்சான். ஃபாத்திஹா ஓதி முடிந்ததும், கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பாரே, அந்தப் பன்னீர்ச் செம்பை எடுத்து முன்வரிசைச் சிப்பங்களின் மேல் கை சலிக்காமல் தெளித்தார். மூன்றாவதாக எங்கள் ஐயர்.

நாங்கள் தண்ணீர் தெளிக்கிற ஜாதி இல்லை. எங்களுடையது ஜெபம். ஐயர் இலைக்காக ஜெபித்தார். அதைப் பறித்த கைகளுக்காக ஜெபித்தார். லாரி டிரைவருக்காக, கப்பலுக்காக, மாலுமிகளுக்காக, காற்றையும் அலையையும் அதட்டி அடக்கச் சொல்லி ஜெபித்தார். பிறகு ஜெர்மனிக்குப் போய், அந்தத் தேசத்தில் வயிற்று உபாதையால் வருந்தும் சகல ஜனங்களுக்காகவும் உருக்கமாக ஜெபிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் முதல் தூறல் என் கையில் விழுந்தது.

காற்று கிழக்கேயிருந்து, திறந்த கதவுக்கு நேராக அடித்தது. தூறல் சாரலாகி உள்ளே போனது. நான் ஒரு கண்ணைத் திறந்தேன். ஜி.எம். சார் கண்மூடிக் கைகூப்பி நின்றார். மச்சான் தொப்பியோடு தலை குனிந்து நின்றார். எல்லோரும் நனைந்தார்கள், ஒருவரும் அசையவில்லை. அடுத்தவர் சாமி கும்பிடும்போது நடுவில் சத்தம் போடுகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அண்ணாச்சி மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அவர் இலையைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஒவ்வொரு சொட்டும் விழுவதைப் பார்த்துக் கொண்டிருந்தார். என் ஐயர், என் விருந்தாளி. 'ஐயா, போதும்' என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் திறந்த கண்ணையும் மூடிக் கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஆமென் சொன்ன நிமிஷம் அண்ணாச்சி ஓடிப்போய்த் தோள் துண்டால் சிப்பங்களைத் துடைத்தார். "சார், முன்னால உள்ள மூணு வரிசைய எறக்கிருவோம். காய வச்சு நாளைக்கு ஏத்துதேன்."

"நாளைக்குக் கப்பல் இல்லையே பாய்" என்றார் ஜி.எம். "லேசான தூறல்தானே. ஆசீர்வாதம்னு வச்சுக்குங்க."

கதவு மூடியது. சீல் வைத்தார்கள். ஜி.எம். கொடி அசைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஹாம்பர்க்கிலிருந்து மெயில் வந்தது. கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை. முன்வரிசைகள் கறுத்திருக்கின்றன. சோதனையில் தேறவில்லை. ஒரு பகுதி கெட்டாலும் மருந்துச் சரக்கு முழுவதையும் அழித்துவிடுவார்களாம், அழித்துவிட்டார்கள். கடைசியில் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தாள். இந்த ஈரம் உங்கள் கிட்டங்கியில் வந்ததா, ஏற்றும்போது வந்ததா? கிட்டங்கி என்றால் இனி நமக்குள் வியாபாரம் இல்லை. ஏற்றும்போது நடந்த விபத்து என்றால், உங்கள் அரசு அலுவலகம் அதை எழுத்தில் கொடுத்தால், யோசிக்கிறேன்.

நான் ஏரலுக்குப் போனேன். தூத்துக்குடி முதலாளி கையை விரித்துவிட்டிருந்தார். 'நீதான் நேரா கப்பல்ல அனுப்புத ஆளாச்சே' என்று ஒரே வார்த்தைதான். கிட்டங்கியில் பாதிப் பெண்கள் இல்லை. மீதிப் பேர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து கொண்டார்கள். அண்ணாச்சி டீ வரவழைத்தார். ஏதாவது குத்திக் காட்டியிருந்தால் தேவலை. "உக்காருங்க டீச்சரம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். அந்த அடியைச் சமாளிக்க அவர் எதை விற்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கிட்டங்கி திறந்திருப்பதும் மூடுவதும் இனி ஒரு கடிதத்தில் இருக்கிறது என்று மட்டும் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

நடந்ததை நடந்தபடி குறிப்பு எழுதி ஜி.எம். சாருக்கு வைத்தேன். 'பேசுக' என்று வந்தது. போனேன். அன்றைக்கு மட்டும் அவர் நிஜமாகவே பேசினார். மேஜையில் ஹாம்பர்க்குக்கு ஒரு கடிதம் தயாராக இருந்தது. ஏற்றுமதியாளர் ஈரப்பதத்தைச் சரியாகப் பரிசோதிக்காததே காரணம் என்று இருந்தது.

"இதுல ஒரு சுருக்கொப்பம் போடுங்கம்மா."

"அவர் காதை விடவா சார் பரிசோதனை?"

"விழா நடத்திச் சரக்கைக் கெடுத்தோம்னு நானே எழுதிக் கொடுக்கவா? எனக்கு இன்னும் ரெண்டு மாசம்தான்மா சர்வீஸ் இருக்கு."

"அவருக்கு இருபது பொம்பளையாட்கள் இருக்காங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க போடலைன்னா நான் போடுறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கு அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது, அந்தப் பச்சை மைப் பேனாவைப் பிடுங்கி எறியலாம் போலவும் இருந்தது. அவர் கடிதம் போவதற்குள் என் கடிதம் போக வேண்டும் என்று முடிவு செய்து வெளியே வந்தேன்.

அன்று மத்தியானம் அரை நாள் லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் எழுதியதில்லை. வண்டி கிளம்புவதற்கு எதற்காகத் தேங்காய் உடைக்கிறோம் என்பதை ஒரு ஜெர்மன்காரிக்கு எப்படிச் சொல்வது? மரியாதைக்கு எதற்காகப் பன்னீர் தெளிக்கிறோம்? மழை பெய்யும்போது பத்துப் பேர் எதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்? ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதினேன். 'காதர் மைதீன் ஈரத்தைப் பார்த்தார். எங்கள் மேல் இருந்த மரியாதையால் அவர் வாய் திறக்கவில்லை. பிழை எங்களுடையது' என்று முடித்தேன். கூடவே எங்கள் துறையே பத்திரிகைகளுக்குக் கொடுத்த போட்டோவை இணைத்தேன். விரியத் திறந்த கதவும், சிப்பங்களும், சாய்ந்து விழும் மழைக்கோடுகளும், கண்மூடிய கூட்டமும், ஒரு கண் திறந்த நானும் அதில் தெளிவாக இருந்தோம். என் பெயரையும் பதவியையும் போட்டு அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இத்தனை வருஷத்தில் வெள்ளம், புயல், வேலைநிறுத்தம் என்று எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன், ஜெபம் என்று கேட்பது இதுவே முதல் தடவை, ஆனால் போட்டோ பொய் சொல்லாது என்று எழுதியிருந்தாள். புது அறுவடையில் மாதிரி அனுப்பச் சொன்னாள். எனக்கு அலுவலகத்தில் மெமோ வந்தது. அனுமதியில்லாமல் வெளிநாட்டவரோடு கடிதப் போக்குவரத்து. விளக்கம் எழுதினேன். பணிப்பதிவேட்டில் கண்டனம் என்று ஏறியது. அதற்குள் ஜி.எம். சார் ஓய்வு பெற்றுவிட்டார். வழியனுப்பு விழாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாதிரி தேறியது. ஒப்பந்தம் வந்தது. அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கே வந்தார். நான் வாசித்துச் சொன்னேன். அதில் புதிதாக ஒரு நிபந்தனை இருந்தது. சரக்கு ஏற்றிய பின் எந்தக் காரணத்துக்காகவும் கதவைத் திறக்கக் கூடாது. ஏற்றும் இடத்தில் எந்தச் சடங்கும் நடத்தக் கூடாது.

"எந்தச் சடங்கும்னே போட்டுருக்காங்களா?"

"போட்டுருக்காங்க அண்ணாச்சி."

"அந்தம்மா நல்லா இருக்கணும்" என்றார்.

இன்றைக்கும் அவருடைய இலை ஹாம்பர்க்குக்குப் போகிறது. ஆனால் அந்த இரண்டாவது கண்டெய்னர் ஏற்றிய நாளில் அது எங்களுக்குத் தெரியாது. தூத்துக்குடி முதலாளி மனம் மாறவில்லை, மறுபடி ஒரு தடவை சரக்கு கெட்டால் கிட்டங்கியைப் பூட்ட வேண்டியதுதான். வர வேண்டாம் என்று அவர் சொல்லியும் கேட்காமல் நானும் கிளம்பிப் போனேன். பங்குனி வெயில் சுட்டெரித்தது. பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கப் போனேன். அண்ணாச்சி கையைக் காட்டித் தடுத்தார்.

"டீச்சரம்மா, நீங்க அங்கனயே நில்லுங்க."

நின்றேன். எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை நிழலில், கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சிப்பம் ஏறும்வரை நின்றேன். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி எடுத்து அவர் காதோரம் வைத்துக் கேட்டார். கதவைச் சாத்தி, கம்பியைத் தள்ளி, சீல் போட்டு, இழுத்து இழுத்துப் பார்த்தார். லாரி உறுமிக் கிளம்பியது. அதற்குப் பிறகுதான் அவர் ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. முகத்தைத் துடைத்துக் கொண்டார்.

"இப்ப ஜெபம் பண்ணுங்க டீச்சரம்மா. கதவு பூட்டியாச்சு."

கண்ணை மூடினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் மூடாமலே சொன்னேன். "ஆண்டவரே, பத்திரமா போய்ச் சேரட்டும். ஆமென்."

"ஆமீன்" என்றார் அவர். லாரி பாலத்தில் ஏறிவிட்டிருந்தது.